ஞாயிற்றுக்கிழமை நான் சொன்ன ‘டேய்’ குறித்து

புதன்கிழமை, பகல் பதினொன்றரை மணி

பெருமதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் மகனுக்குப் பெண் கொடுத்தவனும், போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று நாற்பதிலிருந்து உங்கள் கோபத்துக்கு ஆளாகி நிற்பவனுமாகிய நான், இரண்டு கையையும் கூப்பி வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. தாங்கள் சௌக்கியமா? தையல் கடையில் கூட்டம் எப்படி? முழங்கால் வலி தேவலையா? இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் என் மகள், அதாவது உங்கள் மருமகள், மூன்று நாளாக என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் ‘டொக்’ என்று வைக்கிறாள். தண்ணீர் டம்ளரையும் அப்படியே. ஆகவே சௌக்கியம் என்ற சொல்லை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இன்று காலை பத்து மணி பஸ்ஸில் நீங்கள் வந்து இறங்கியிருக்க வேண்டும். பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, அதற்கு முன்னாலேயே வந்து, குழந்தைக்கு மூன்று மாதம் ஆகிறவரை எங்களோடு இருப்பதாகத்தான் பேச்சு. உங்களுக்காக உள் அறையைக் காலி செய்து, கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டு, முழங்காலுக்கு எட்டும்படி ஒரு சின்ன முக்காலியும் வாங்கி வைத்தாயிற்று. அந்த முக்காலி இப்போது என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. “எடுத்து வச்ச துணியெல்லாம் பெட்டியிலிருந்து வெளிய எடுத்துட்டேன்மா. என் பையனை வாப்பா போப்பான்னுதான் வளர்த்தேன். அவங்க அப்பா இருந்தவரைக்கும் ஒரு ‘டா’ சொன்னதில்ல. என் பையனை ‘டேய்’னு கூப்பிடுற வீட்டுல நான் வந்து எப்படிம்மா உட்காருவேன்?” என்று நீங்கள் அவளிடம் சொன்னதை, அவள் ஒரு எழுத்து விடாமல் எனக்கு ஒப்பித்தாள். “நானே அத்தைகிட்ட ஃபோன்ல பேசுறேன்மா” என்றேன். “வேணவே வேணாம்பா. ஃபோன்ல பேசினா நடுவுல எதையாவது சொல்லி வச்சிடுவீங்க. எழுதுங்க. எழுதினா அடிச்சுத் திருத்தலாம்” என்றாள். அதனால் எழுதுகிறேன். அடித்தல் திருத்தல் இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

குற்றவாளி நான்தான். அதில் இரண்டாவது பேச்சு இல்லை. ஆனாலும் தூக்குத் தண்டனை கொடுப்பவர்கள்கூட, என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்பார்கள் அல்லவா?

நான் நீர் வழங்கல் அலுவலகத்தில் சர்வர் அறைக்குப் பொறுப்பாளன். கல்யாணப் பேச்சின்போதே சொன்னேன். “ஏசி ரூம்ல வேலையா, நல்லது” என்றீர்கள். அந்த ஏசி ரூமில் என்ன வேலை என்று இரண்டு வருடமாக யாரும் கேட்கவில்லை, இன்று நானாகச் சொல்லிவிடுகிறேன். ஆளுயர இரும்புச் சட்டத்தில் ஒரு பெரிய பெட்டி. அதில் மேல் வரிசையில் எட்டு, கீழ் வரிசையில் எட்டு என்று பதினாறு சர்வர் கம்ப்யூட்டர்கள், அலமாரியில் புத்தகம் செருகியது போல நெட்டுக்குத்தாகச் செருகியிருக்கும். ஒல்லியாக இருப்பதால் பிளேடு என்று பெயர். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஊரார் ஃபோன் செய்து திட்டுவதைப் பதிந்துகொள்வது முதல், எந்தத் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்று பார்ப்பது வரை எல்லாம் இந்தப் பதினாறின் வேலை. ஒவ்வொரு பிளேடுக்குள்ளும் பல உறுப்புகள் உண்டு. நெட்வொர்க் கார்டு, டிஸ்க்கைப் பார்த்துக்கொள்கிற கார்டு, எல்லாவற்றையும் தட்டி எழுப்புகிற பயாஸ், இவற்றை மேற்பார்வை பார்க்க ஒரு சிப். இந்த நாலுக்கும் உள்ளே, தான் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அதற்கே எழுதி வைத்த சின்ன மென்பொருள் இருக்கிறது. அதைத்தான் ஃபர்ம்வேர் என்கிறோம். உங்கள் கடையில் புது மெஷினின் பாபினைப் பழைய மெஷினில் போட்டால் நூல் சிக்கிக்கொள்ளுமே, அந்த மாதிரி, ஒரு உறுப்பின் ஃபர்ம்வேர் புதுசாகவும் இன்னொன்றின் ஃபர்ம்வேர் பழசாகவும் இருந்தால் ஒன்றோடு ஒன்று பேசாமல் முறுக்கிக்கொண்டு நிற்கும். ஆகவே எல்லாவற்றையும் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். ஒரு பிளேடின் வேலையை இன்னொரு பிளேடுக்கு மாற்றிவிட்டு, இதைப் புதுப்பித்து, அணைத்து, எழுப்பி, சரியா என்று பார்த்து, வேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததுக்குப் போக வேண்டும். ஒன்றுக்கு முக்கால் மணி நேரம். நடுவில் யாராவது உருவிவிட்டால் அந்த பிளேடு கண் விழிக்காமலே போகலாம்.

இதற்கு இரண்டு ஆள் வேண்டும். சர்வர் கம்பெனிக்கு எழுதி ஒரு இன்ஜினியரை அனுப்பச் சொன்னேன். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு லேப்டாப் பையும் கையுமாக எங்கள் அலுவலக வாசலில் வந்து நின்றவர் உங்கள் மகன். பிரசவத்துக்காக மகளும் மாப்பிள்ளையும் இரண்டு மாதமாக என் வீட்டில்தான் இருக்கிறார்கள். முந்தின நாள் சாயங்காலம் ஒரே மேஜையில் சாப்பிட்டோம். “நாளைக்கு எனக்கு வேலை இருக்கு மாமா” என்றார். “எனக்கும் இருக்கு மாப்பிள்ளை” என்றேன். எங்கே, என்ன வேலை என்று துருவிக் கேட்பது மரியாதையாக இருக்காது என்று இரண்டு பேரும் எழுந்து கை கழுவிக்கொண்டோம். காலையில் அவர் பைக்கில் ஒரு பக்கம் போனார், நான் காரில் ஒரு பக்கம் போனேன், இரண்டு பேரும் ஒரே கதவுக்கு முன்னால் வந்து நின்றோம்.

அந்தக் கதவிலேயே ஆரம்பித்தது வினை. அட்டையைத் தேய்த்தால் கதவு ஐந்து விநாடி திறந்திருக்கும். “நீங்க போங்க மாமா” என்றார். “சே சே, நீங்க முதல்ல போங்க மாப்பிள்ளை” என்றேன். “நீங்க பெரியவங்க” என்றார். கதவு ‘கீ’ என்று கத்திவிட்டு மூடிக்கொண்டது. மறுபடி தேய்த்தேன். மறுபடி மூடிக்கொண்டது. மூன்றாவது தடவை இரண்டு பேரும் ஒரே சமயத்தில் நுழைந்து தோளோடு தோள் இடித்துக்கொண்டு, “ஐயோ மன்னிச்சிடுங்க மாமா”, “ஐயோ என் தப்பு மாப்பிள்ளை” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனோம். உள்ளே ஒரே ஒரு நாற்காலி. அவர் உட்காராமல் நான் எப்படி உட்கார்வது, நான் உட்காராமல் அவர் எப்படி உட்கார்வார்? சனிக்கிழமை பதினோரு மணி நேரம் இரண்டு பேரும் நின்றுகொண்டே வேலை பார்த்தோம், லேப்டாப் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. புதுப்பிக்கத் தொடங்கும்போது திரையில் ‘உறுதியா?’ என்று கேட்கும், ஆம் என்று அழுத்த வேண்டும். “உங்க கையால அழுத்துங்க மாமா” என்பார். “இன்ஜினியர் நீங்க இருக்கும்போது நான் அழுத்தறதாவது” என்பேன். இதற்குள் அது அலுத்துப்போய், நேரம் முடிந்துவிட்டது, முதலிலிருந்து வா என்று சொல்லிவிடும். ஆறு மணி நேரத்தில் முடிய வேண்டிய கீழ் வரிசை பதினோரு மணி நேரம் இழுத்ததற்கு, உங்கள் மகனின் நல்ல வளர்ப்பும் என்னுடைய நல்ல வளர்ப்பும்தான் காரணம்.

குறுக்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த அறையில் குளிர் எலும்பைத் தொடும். நான் கையைத் தேய்ப்பதைப் பார்த்துவிட்டு, அவர் போட்டிருந்த பஞ்சு வைத்த கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டார். “அம்மா தைச்சது மாமா, குளிரே தெரியாது” என்றார். தெரியவில்லை. உள்ளே ஒரு பை, அந்தப் பைக்குள் இன்னொரு சின்னப் பை, அதற்கும் ஒரு பொத்தான். இவ்வளவு பொறுமையாக யாரும் எனக்கு எதையும் தைத்துத் தந்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் மறுநாள் அவரை ‘டேய்’ என்றேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மேல் வரிசை. முதலாவதும் இரண்டாவதும் சமர்த்தாக முடிந்தன. மூன்றாவது பிளேடு அறுபத்து மூன்று சதவீதத்தில் வந்து படுத்துக்கொண்டது. பத்து நிமிடம் பார்த்தோம், இருபது நிமிடம் பார்த்தோம், அசையவில்லை. இப்படி ஆனால் ஒரே வழி, அந்த பிளேடை வெளியே உருவி, மறுபடி செருகுவது. சாதாரணமாக, திரையில் ஒரு பொத்தானை அழுத்தினால் அந்த பிளேடின் நெற்றியில் ஒரு நீல விளக்கு மினுக்கும், இதுதான் என்று தெரிந்துவிடும். ஆனால் மயங்கிக் கிடக்கிற பிளேடு விளக்கைப் போடுமா? போடவில்லை. நெற்றியில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்க்கலாமே என்பீர்கள். போன வருடம் ஆய்வுக்கு ஒரு பெரிய அதிகாரி வருகிறார், எல்லாம் பளபளவென்று இருக்கட்டும் என்று, அந்த எண் ஸ்டிக்கர்களை நானே நின்று சுரண்டி எடுக்கச் சொன்னேன். அவர் அன்று வரவே இல்லை.

இப்போது நாங்கள் நின்ற இடத்தைக் கவனியுங்கள், வழக்கே இங்கேதான் இருக்கிறது. பிளேடை உருவுவது முன்பக்கத்திலிருந்து, அங்கே உங்கள் மகன். ஒயர்கள் எல்லாம் பின்பக்கம், அங்கே நான், எந்த விளக்கு அணைகிறது என்று பார்த்துச் சொல்ல. நடுவில் பெட்டி. பெட்டிக்கு மேலே சட்டத்தில் ஒரு ஜாண் காலி இடம், அதன் வழியாக அவர் முகமும் கையும் தெரியும். முன்னாலிருந்து பார்த்தால் மூன்றாவது பிளேடு இடது பக்கத்திலிருந்து மூன்றாவது. பின்னாலிருந்து பார்த்தால் அதே பிளேடு வலது பக்கத்திலிருந்து மூன்றாவது. இருபத்திரண்டு வருடமாகப் பின்பக்கமே நின்று ஒயர் மாட்டிய நான், “ரைட் சைட்லேருந்து மூணாவது, மாப்பிள்ளை” என்றேன். முன்னால் நிற்கிறவருக்கு வலது பக்கத்திலிருந்து மூன்றாவது எது? ஆறாவது பிளேடு. மூன்றாவதின் வேலையை எந்த பிளேடுக்கு மாற்றிவிட்டிருந்தோம்? அதே ஆறாவதுக்கு.

உங்கள் மகன் கெட்டிக்காரர். அந்த நிமிடமே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால், “மாமா, நீங்க பின்னாடி நின்னு சொல்றீங்க, தப்பா இருக்கும்” என்று மாமனாரிடம் எப்படிச் சொல்வது? ஒருவேளை இந்த அலுவலகத்தில் வலமிருந்துதான் எண்ணுவார்களோ என்னவோ என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, “சரிங்க மாமா” என்றார். அவர் கை ஆறாவது பிளேடின் பிடிக்குப் போனதை அந்த ஜாண் இடைவெளியில் நான் பார்த்தேன். எனக்கும் திக்கென்றது. ஆனால், “தப்பான இடத்துல கை வைக்கிறீங்க” என்று மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? கம்பெனிக்காரர், ஏதாவது புது முறையாக இருக்கும் என்று நானும் ஒரு சமாதானம் செய்துகொண்டு, “மாப்பிள்ளை, ஒரு நிமிஷம்... தண்ணி ஏதாவது குடிக்கிறீங்களா?” என்றேன். “வேணாம் மாமா, இதை முடிச்சிட்டுக் குடிக்கிறேன்” என்றார்.

இந்த நேரம் பார்த்துத்தான் உங்கள் ஃபோன் வந்தது. புதன்கிழமை எந்த பஸ் என்று சொல்லக் கூப்பிட்டீர்கள். அம்மாவின் ஃபோனை எடுக்காமல் விடுகிற பிள்ளையா அவர்? ஸ்பீக்கரில் போட்டுப் பெட்டிக்கு மேலே வைத்துவிட்டு, “சொல்லும்மா, கை வேலையா இருக்கு” என்று சொல்லிக்கொண்டே பிடியை நெம்பினார். பிளேடு அரை அங்குலம் நகர்ந்தது. எனக்குள் எது உடைந்ததோ தெரியாது. ஃபர்ம்வேர் புதுப்பிக்கும்போது மின்விசிறிகள் எல்லாம் முழு வேகத்தில் ஓடும், அந்த இரைச்சலில் கத்தினால்தான் கேட்கும், அதுவும் ஒன்று. “டேய்! அதை எடுக்காதடா! கண்ணு தெரியலையாடா உனக்கு!” என்று கத்தினேன். ஒரு டேய், இரண்டு டா, ஒரு உனக்கு. நீங்கள் கேட்டது அவ்வளவும் உண்மை, ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. அவர் அதிர்ந்துபோய்த் திரும்பினார், திரும்பிய வேகத்தில் ஆறாவது பிளேடு முழுசாகக் கையோடு வந்துவிட்டது. உங்கள் ஃபோனும் கட்டாகிவிட்டது.

அடுத்த நாற்பது நிமிடம் ஊரில் யாராலும் தண்ணீரைப் பற்றிப் புகார் செய்ய முடியவில்லை, ஏனென்றால் புகார் எண் அந்த ஆறாவதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் என் மேலதிகாரி வீட்டிலிருந்து கூப்பிட்டார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். “அரை மணி நேரமா ஒரு புகார்கூட வரல! என்னய்யா பண்ணீங்க? அப்டேட் பிரமாதமா இருக்கே, இதையே வச்சுக்கலாம்” என்றார். ஆகட்டும் சார் என்றேன். உண்மையை மறுநாள் எழுத்தில் கொடுத்தேன். இன்னும் பதில் வரவில்லை.

இனி எழுதப்போவதை நீங்கள் எப்படி எடுத்துக்கொள்வீர்களோ தெரியாது, ஆனால் மன்னிப்புக் கேட்கிற கடிதத்தில் பாதியை மறைத்தால் அது மன்னிப்பாகாது. நீங்கள் கேட்டது ஃபோன் கட்டாகும் வரைதான். அதற்குப் பிறகும் நான் அவரை ‘டா’ என்றேன். சுமார் பதினோரு தடவை. “அந்தப் பக்கம் பிடிடா”, “ஆட்டாம செருகுடா”, “டார்ச்சைக் கொஞ்சம் கீழ காட்டுடா” என்று. அவரும் “நகருங்க மாமா, வெளிச்சத்தை மறைக்கிறீங்க” என்றார், “நீங்க பேசாம நாற்காலியில உட்காருங்க மாமா, நான் பாத்துக்கறேன்” என்றார். நான் உட்கார்ந்தேன். ஆறாவது பிளேடு நாற்பது நிமிடத்தில் எழுந்தது. பிறகு மூன்றாவதை உருவினோம். அது ஏழு கிலோ எடை. என்னால் தனியாகத் தாங்க முடியவில்லை, வயதாகிவிட்டது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன். உங்கள் மகன் தன் கையை என் கைக்கு அடியில் வைத்துத் தாங்கிக்கொண்டார். அந்த பிளேடுக்குள் பழைய ஃபர்ம்வேரின் ஒரு பிரதி பத்திரமாக இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு அது எழுந்துவிட்டது. பிறகு அதையும், மீதி ஐந்தையும் நாலரை மணி நேரத்தில் முடித்தோம். முந்தின நாள் மரியாதையாக வேலை பார்த்த லட்சணம் என்ன, அன்றைக்கு வேலை நடந்த வேகம் என்ன!

முடிந்ததும் நடைபாதையில் மெஷின் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். இரைச்சல் நின்றதும் எனக்குச் சுரீர் என்றது, என்ன சொன்னேன் என்று. உடனே ‘நீங்க’வுக்குத் திரும்பினேன்.

“தப்பான பிளேடுன்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா?” என்று கேட்டேன்.

“சந்தேகமா இருந்துச்சு மாமா.”

“அப்புறம் ஏன் கேட்கல?”

“நீங்க மாமா. உங்ககிட்ட எப்படிக் கேக்கறது?” என்றார். பிறகு அவரே, “நான் தப்பா கை வைக்கிறது உங்களுக்குத் தெரிஞ்சுதா?” என்றார்.

“தெரிஞ்சுது.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“நீங்க மாப்பிள்ளை. உங்ககிட்ட எப்படிச் சொல்றது?”

சம்பந்தியம்மா, இரண்டு வருடத்தில் நாங்கள் பேசிக்கொண்ட முதல் உருப்படியான பேச்சு அதுதான்.

இவ்வளவும் என்னைப் பற்றி. என் மகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் அம்மா போனபோது அவளுக்குப் பதினான்கு வயது. அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிட எனக்கு ஒரு வருடம் பிடித்தது, அதற்குள் அவளே பின்னக் கற்றுக்கொண்டுவிட்டாள். எதைக் கேட்டாலும் நான் தேடிப் படித்துத்தான் பதில் சொல்வேன். இந்த எட்டு மாதமாக அவள் என்னிடம் எதையும் கேட்பதில்லை. “அத்தைகிட்ட கேட்டுக்கறேன்பா” என்கிறாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, நிம்மதியாக இருந்தது. போன வாரம் ஒரு மதியம், துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். என்னம்மா என்றேன். “பயமா இருக்குப்பா. அத்தை பக்கத்துல இருந்தா பயம் தெரியாது” என்றாள். அந்த அத்தையை வரவிடாமல் செய்தவன் நான். செத்துப்போன சர்வரை எழுப்ப எனக்குத் தெரியும். அழுகிற குழந்தையைத் தூங்கவைக்கத் தெரியாது. பயந்த பெண்ணுக்கு என்ன சொல்ல வேண்டும் என்றும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். என் மேலுள்ள கோபத்தை என் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள், குறைக்கக்கூட வேண்டாம். நான் வேண்டுமானால் மூன்று மாதமும் அலுவலகத்திலேயே இருந்துகொள்கிறேன், நீங்கள் எழுந்திருக்குமுன் போய் நீங்கள் படுத்தபின் வருகிறேன். அவளுக்காக வாருங்கள்.

இனி என் ஆயுள் உள்ளவரை மாப்பிள்ளையை ‘டேய்’ என்றோ ‘டா’ என்றோ, கோபத்திலோ அவசரத்திலோ தூக்கத்திலோகூட அழைக்கமாட்டேன் என்று இதன்மூலம் எழுத்தில் உறுதி கூறுகிறேன். வேண்டுமானால் இரண்டு சாட்சிக் கையெழுத்தும் வாங்கி அனுப்புகிறேன்.

கடையில் உங்களோடு வேலை செய்கிற பெண்களுக்கு என் அன்பு. உங்கள் முழங்காலுக்கு நல்ல சுகமும், உங்கள் மனசுக்குக் கொஞ்சம் இரக்கமும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
வெட்கத்துடனும் வணக்கத்துடனும்,
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு (வியாழக்கிழமை காலை, பேருந்து நிலையம்):

மேலே உள்ள உறுதிமொழியை வாபஸ் வாங்குகிறேன். நேற்று மூன்று மணிக்கு இந்தக் கடிதத்தை உறையில் போட்டுவிட்டுக் கோந்து தேடிக்கொண்டிருந்தேன். உள் அறையிலிருந்து என் மகள் “அப்பா” என்று ஒரு குரல் கொடுத்தாள். மூன்று வாரம் இருக்கிறது என்று டாக்டர் சொன்னாரே, இது வேறு ஏதாவது வலியாக இருக்கும் என்று நான் கோந்தை விடாமல் தேடிக்கொண்டிருந்தபோது, உங்கள் மகன் அவளைத் தாங்கிப் பிடித்தபடி கூடத்துக்கு வந்து, வாசல்வரை கேட்கும்படி, “யோவ் மாமா! இங்க ஒருத்தி துடிச்சிட்டு இருக்கா, நீ என்னய்யா தேடிட்டு இருக்க? கார் சாவிய எடுய்யா!” என்றார். நீங்கள் வாப்பா போப்பா என்று வளர்த்த பிள்ளை. வலிக்கு நடுவில் என் மகள் சிரித்துவிட்டாள். என்னைப் பார்த்து அவள் சிரித்து மூன்று நாள் ஆகியிருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் சாவி எங்கே இருக்கிறது என்பதே மறந்துபோயிற்று. கார் ஓட்டியது அவர். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள், “மெதுவாப் போடா, பள்ளம்டா” என்று நான் எத்தனை தடவை சொன்னேன் என்று எண்ணவில்லை. எண்ணுகிற வேலையை விட்டுவிட்டேன்.

ஏழு மணிக்குப் பேத்தி பிறந்தாள். இரண்டே முக்கால் கிலோ. தாயும் குழந்தையும் சௌக்கியம், இப்போது அந்தச் சொல்லை எழுதலாம். கண் விழித்ததும் உங்கள் மருமகள், “அத்தைக்குச் சொல்லியாச்சா?” என்றாள். உங்கள் மகன் உங்களோடு ஃபோனில் பேசும்போது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். பேத்தியின் எடையை இரண்டு தடவை கேட்டீர்கள். பிறகு, “விடிஞ்சதும் கிளம்பிடறேன்டா” என்றீர்கள். அதில் ஒரு ‘டா’ இருந்தது. என் காதில் விழவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். எந்த பஸ் என்று சொல்லாமலே வைத்துவிட்டீர்கள், அதனால் ஆறு மணியிலிருந்து இந்த பெஞ்சில் உட்கார்ந்து எல்லா பஸ்ஸையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தபாலில் போட்டால் பூட்டிய வீட்டுக்குப் போய்ச் சேரும் என்பதால் கடிதம் என்னிடமே இருக்கிறது. இதோ இன்னொரு பஸ் உள்ளே திரும்புகிறது. ஜன்னல் ஓரத்தில், மடியில் பெட்டியை அணைத்துக்கொண்டு ஒரு அம்மா எட்டி எட்டிப் பார்க்கிறார்கள். நீங்கள்தான். இதை உங்கள் கையில் கொடுப்பதா, கிழித்துப் போடுவதா என்று தெரியவில்லை. முதலில் பெட்டியை வாங்கிக்கொள்கிறேன்.